வேகத்துக்கு வாரிசு யார்?

1969ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூயார்க்கில் இரண்டு குதிரைப் பண்ணைகளின் சொந்தக்காரர்கள் கூடி ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள். கோலி ஆட்டத்தை யார் தொடங்குவது என்று தீர்மானிக்க நம் தெருப் பிள்ளைகள் பூவா தலையா போடுகிறார்களே, அதே காரியந்தான்; ஆனால் அன்று அங்கே நின்ற இருவருடைய மனநிலையும் சற்று விசித்திரமானது. ஜயித்துவிடக் கூடாதே என்பதுதான் இருவருடைய அந்தரங்கப் பிரார்த்தனையும்.

விஷயம் இதுதான். அமெரிக்கப் பந்தயக் குதிரை வளர்ப்பில் அந்நாளில் சக்கரவர்த்தியாக விளங்கிய போல்டு ரூலர் என்னும் பொலிகுதிரை, ஆக்டன் பிப்ஸ் என்ற செல்வந்தரின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அதனோடு தங்கள் பெட்டைகளைச் சேர்க்க விரும்பிய பிற பண்ணைக்காரர்களிடம் அக்குடும்பத்தார் ரொக்கம் கேட்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு பெட்டைகளாக இரண்டு ஆண்டுகள் அனுப்பிவையுங்கள், பிறக்கிற குட்டிகளைப் பங்கு போட்டுக்கொள்வோம் என்று, நம் மிராசுதார்கள் நிலத்தை வாரத்துக்கு விடுவது போன்ற ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தார்கள். நாணயத்தில் ஜயித்தவர் முதலாண்டுக் குட்டிகளில் தமக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். தோற்றவருக்கு மிஞ்சிய குட்டியும், இரண்டாம் ஆண்டுக் குட்டிகளில் முதல் உரிமையும் சேரும். இதிலே விதி குறுக்கிட்டது. வர்ஜீனியாவில் இருந்த மெடோ பண்ணையின் சார்பில் வந்திருந்த பென்னி சென்னரி என்ற அம்மையார் இரண்டாம் ஆண்டு அனுப்பிய பெட்டைகளில் ஒன்று சினை பிடிக்கவில்லை. ஆகவே, ஜயிப்பவருக்கு ஒரு குட்டி, தோற்பவருக்கு இரண்டு என்று கணக்குத் தலைகீழாகிவிட்டது. பாவம், பிப்ஸ் ஜயித்தார். சம்திங்ராயல் என்னும் பெட்டை ஈன்றிருந்த பெண்குட்டியைத் தேர்ந்தெடுத்தார். அது நான்கு பந்தயங்களில் ஓடி ஒன்றிலும் தேறவில்லை. அதே சம்திங்ராயலின் வயிற்றில் அப்போது வளர்ந்துகொண்டிருந்த கரு, தோற்ற அம்மையாரின் பங்குக்கு வந்தது. 1970 மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவு கழிந்து சில நிமிஷங்களில் அது பூமியில் விழுந்தது.

செம்பைத் துலக்கி வைத்தாற்போன்ற நிறம். மூன்று கால்களில் வெள்ளை. நெற்றியில் ஒரு நட்சத்திரம். சுழி பார்த்து மாடு வாங்குகிற நம் கிராமத்துப் பெரியவர்கள் அந்தக் கால்களைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. பெயர் வைப்பதிலும் ஒரு சங்கடம் நேர்ந்தது. பண்ணையார் அனுப்பிய பெயர்களையெல்லாம் ஜாக்கி கிளப் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரித்துவிட, பண்ணையின் காரியதரிசியாக இருந்த எலிசபெத் ஹாம் என்ற அம்மையார், தாம் முன்னொரு காலத்தில் சர்வதேச சங்கத்தின் காரியங்களோடு தொடர்பு கொண்டிருந்த ஞாபகத்தில், செக்ரட்டேரியட் என்று எழுதி அனுப்பினார்; அது ஏற்கப்பட்டது. செக்ரட்டேரியட் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கோட்டையில் ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்குக் கோப்பு நகர்வதற்கு ஒரு மாமாங்கம் பிடிக்கும் இடம். உலகம் கண்ட மகா வேகங்களில் ஒன்றுக்கு அந்தப் பெயர் அமைந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

1972 ஜூலை 4ஆம் தேதி, முதல் பந்தயத்தில், புறப்பட்ட உடனே பக்கத்துக் குதிரை மோதியதால் தடுமாறி நான்காவதாக வந்தது. அதற்குப் பிறகு அது முதல் மூன்று இடங்களுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இரண்டு வயதிலேயே அவ்வாண்டின் சிறந்த குதிரை என்ற கீர்த்தியைப் பெற்றுவிட்டது. ஆனால், லாயத்தில் குதிரை கொழித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் வேறு கதை நடந்தது. பென்னி அம்மையாரின் தந்தை கிறிஸ்டோபர் சென்னரி 1973 ஜனவரியில் காலமானார். அமெரிக்கச் சட்டப்படி வாரிசுகள் கட்ட வேண்டிய சொத்துவரி மலைபோல் நின்றது. பண்ணையைக் காப்பாற்ற வேண்டுமானால் குதிரையை விற்க வேண்டும். கென்டக்கியில் கிளேபோர்ன் பண்ணையை நடத்திவந்த சேத் ஹான்காக் என்ற இளைஞர் இதற்கு ஒரு வழி செய்தார். குதிரையின் பிற்காலப் பொலிவாழ்வை 32 பங்குகளாக்கி, பங்கு ஒன்று 1,90,000 டாலர் என்று விற்றார். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம் டாலர். அதுவரையில் எந்தக் குதிரைக்கும் அப்படி ஒரு தொகை பேசப்பட்டதில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், பணம் கொடுத்தவர்கள் வாங்கியது அது ஓடப்போகிற ஓட்டத்தை அன்று. அதற்குப் பிறக்கப்போகிற பிள்ளைகளை. ஓட்டத்தின் உச்சத்தை அது இன்னும் தொடவேயில்லை.

தொட்டது அந்த ஆண்டு மே, ஜூன் மாதங்களில். ஏப்ரலில் நடந்த ஒரு முன்னோட்டப் பந்தயத்தில் அது மூன்றாவதாக வந்தபோது பங்குதாரர்கள் பலருடைய வயிற்றில் புளி கரைந்திருக்க வேண்டும். வாயில் ஒரு கட்டி பழுத்திருந்தது பின்னால்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த குதிரையின் பெயர் ஷாம். இந்தப் பெயரை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. மே 5ஆம் தேதி கென்டக்கி டெர்பியில் கதவு திறந்த கணத்தில் ஷாம் தன் தலையைக் கதவின் சட்டத்தில் மோதிக்கொண்டு இரண்டு பற்களை இழந்தது. வாயில் ரத்தத்தோடு ஒன்றே கால் மைலும் ஓடி, அதுவரை டெர்பியில் எந்தக் குதிரையும் ஓடியிராத வேகத்தில் எல்லையை அடைந்தும், செக்ரட்டேரியட்டுக்கு இரண்டரைக் குதிரை நீளம் பின்னால் நின்றது. வேறு எந்த ஆண்டில் பிறந்திருந்தாலும் ஷாமின் சரித்திரமே வேறு.

அன்று செக்ரட்டேரியட் எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிஷம் 59.4 வினாடி. இந்த மொத்தக் கணக்கைவிட அதன் உட்கணக்கே வியப்புக்குரியது. ஓட்டத்தைக் கால் மைல், கால் மைலாகப் பகுத்தால், முதற் பகுதிக்கு 25.2 வினாடி, அடுத்ததற்கு 24, பிறகு 23.8, பிறகு 23.4, கடைசிப் பகுதிக்கு 23. மனிதனாகட்டும், மாடாகட்டும், ஓட ஓடக் களைப்பது உயிரின் தர்மம். இது ஓட ஓட வேகம் கூடிற்று. இரண்டு வாரம் கழித்து பிரீக்னஸ் பந்தயத்தில் அன்றைய மின்கடிகாரம் கோளாறு செய்ய, சரியான நேரம் எது என்ற வழக்கு 39 ஆண்டுகள் இழுத்து, 2012இல்தான் 1 நிமிஷம் 53 வினாடி என்று மேரிலாந்துப் பந்தய ஆணையம் தீர்ப்புச் சொல்லிற்று. பெயருக்கேற்ற தாமதம் அங்கேதான் நேர்ந்தது.

ஜூன் 9ஆம் தேதி பெல்மான்ட். அதற்கு முன் டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் மூன்றையும் ஒரே ஆண்டில் கடைசியாக வென்ற குதிரை 1948இல் ஓடிய சைட்டேஷன். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்த மும்முடி சூடுவாரற்றுக் கிடந்தது. ஒன்றரை மைல் தூரம். ஓடியவை ஐந்தே குதிரைகள். மற்றவர்கள் வருவானேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். போல்டு ரூலரின் பிள்ளைகள் குறுகிய தூரத்துக்குச் சூரர்கள், நீண்ட தூரத்தில் மூச்சு வாங்குவார்கள் என்பது பந்தய வட்டாரத்தின் சித்தாந்தம். அதைப் பொய்யாக்கவோ மெய்யாக்கவோ அன்று ஷாம் தன்னால் ஆனதைச் செய்தது. கதவு திறந்ததும் இரண்டும் தோளோடு தோள் உரசி, முதல் ஆறு பர்லாங்கை 1 நிமிஷம் 9.8 வினாடியில் கடந்தன. ஆறு பர்லாங்குப் பந்தயத்திலே ஓடினால் மெச்சத்தக்க வேகம் அது. பன்னிரண்டு பர்லாங்குக்கோ தற்கொலைக்கு ஒப்பானது. இரண்டும் விழப்போகின்றன என்று அனுபவஸ்தர்கள் நினைத்தார்கள். ஒன்று விழத்தான் செய்தது. ஷாம் தளர்ந்து, பின்தங்கி, கடைசியில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தது. மற்றொன்று தளரவில்லை.

அதற்குப் பின் நடந்ததைப் பந்தயம் என்று சொல்வது பொருந்துமா என்பதே சந்தேகம். பந்தயத்துக்கு எதிரி வேண்டும் அல்லவா? படச்சுருளில் இன்றும் பார்க்கலாம்: கடைசி நேர்கோட்டில் செக்ரட்டேரியட் தனியாக வருகிறது, மற்றவற்றையும் சேர்த்துக் காட்ட முயலும் படக்கருவி பின்னுக்கு நகர்ந்து, நகர்ந்து, ஒரே சட்டத்துக்குள் அடைக்க முடியாமல் திணறுகிறது. சவாரி செய்த ஜாக்கி ரான் டர்காட் சாட்டையை ஓங்கவில்லை. எல்லைக் கம்பத்தை நெருங்கும்போது அவர் இடப்புறம் தலையைத் திருப்பினார். எதிரியைப் பார்க்க அல்ல, மைதானத்தின் நடுவே ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்க்க. 2 நிமிஷம் 24 வினாடி. இடைவெளி 31 குதிரை நீளம், ஏறக்குறைய இருநூற்றைம்பது அடி. மண்தரையில் ஒன்றரை மைலை அந்த நேரத்துக்குள் ஓடிய குதிரை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை; மூன்று பந்தயங்களிலும் அது பொறித்த கால அளவுகள் அரை நூற்றாண்டு கடந்தும் அப்படியே நிற்கின்றன. அன்று அதன்மேல் இரண்டு டாலர் கட்டியவர்களுக்கு ஜன்னலில் கிடைக்கக்கூடியது இரண்டு டாலர் இருபது சென்ட். வெற்றிச் சீட்டுகளில் 5,617 சீட்டுகளைப் பணமாக்க ஒருவரும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துக்கொண்டார்கள்.

குறையே இல்லாத குதிரை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதே கோடையில் சாரடோகாவில் ஆனியன், அதாவது வெங்காயம், என்ற பெயருடைய சாமானியக் குதிரை ஒன்றிடம் அது தோற்றது. செப்டம்பரில் இன்னொன்றிடமும் தோற்றது. மொத்தம் 21 பந்தயங்கள், 16 வெற்றிகள். நவம்பரில் அதை விமானத்தில் ஏற்றிக் கென்டக்கிக்கு அனுப்பினார்கள். அது தின்றதும் உறங்கியதும் பெருமூச்சு விட்டதும் அறிந்த எட்டி ஸ்வெட் என்ற கறுப்பினக் குதிரைக்காரர் உடன் சென்று, கிளேபோர்ன் லாயத்தில் அதைக் கட்டிவிட்டு, வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாராம். பங்குதாரர்கள் அழவில்லை. அவர்களுக்கு அப்போதுதான் பருவம் தொடங்கியது.

1976இல் அதன் முதல் தலைமுறைக் குட்டிகள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் கனேடியன் பவுண்டு என்று பின்னர்ப் பெயர் பெற்ற ஒரு வயதுக் குட்டியைக் கீன்லேண்டு ஏலத்தில் 15 லட்சம் டாலருக்கு எடுத்தார்கள். ஒரு வயதுக் குட்டி 10 லட்சத்தைத் தாண்டியது அதுவே முதல் தடவை. அது பிற்பாடு ஐரோப்பாவில் ஓடி ஒரு பந்தயத்திலும் வெல்லவில்லை. கஜானாவைத் திறந்து பரி வாங்கிய பாண்டியன், பொழுது விடிந்து லாயத்தைப் பார்த்தபோது நரிகள் ஊளையிட்ட கதையை நாம் திருவிளையாடலில் கேட்டிருக்கிறோம். கென்டக்கியில் அது ஏலக் கொட்டகையில் நடந்தது. நியாயமாகப் பேசுவதானால், செக்ரட்டேரியட்டின் மக்களில் சோடை போகாதவையும் உண்டு. லேடீஸ் சீக்ரெட் என்ற மகள் 1986இல் ஆண் குதிரைகளையும் வென்று அவ்வாண்டின் சிறந்த குதிரையானாள். ரைசன் ஸ்டார் என்ற மகன் 1988இல் பிரீக்னஸையும் பெல்மான்டையும் வென்றான். ஆனால் அறுநூற்றுச் சொச்சம் குட்டிகளில் இன்னொரு செக்ரட்டேரியட் பிறக்கவில்லை. தந்தையின் இடத்தில் இருந்து வம்சத்தைப் பெருக்கக்கூடிய ஆண்வாரிசு ஒன்றும் தலையெடுக்கவில்லை. மகா ஓட்டக்காரன், மட்டமான தகப்பன் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அந்தத் தீர்ப்பு உலகத்தில் நிலைத்திருந்த காலத்தில்தான், 1989 அக்டோபர் 4ஆம் தேதி, குளம்புக்குள் அழற்சி கண்டு, பத்தொன்பது பிராயத்தில் அது உயிர் நீத்தது.

அது மண்ணுக்குள் போன மூன்றாம் ஆண்டில், பெண்வயிற்றுப் பேரர்களின் வெற்றியைக் கொண்டு கணிக்கும் பட்டியலில், அமெரிக்காவில் முதல் இடம் செக்ரட்டேரியட்டுக்கு வந்தது. அவ்வாண்டு பெல்மான்டை வென்ற ஏ.பி. இண்டி அதன் மகள் வீக்கெண்டு சர்ப்ரைஸின் மகன். டெர்லிங்குவா என்ற மற்றொரு மகளுக்குப் பிறந்த ஸ்டார்ம் கேட், ஒரு பெட்டையோடு ஒருமுறை சேர்வதற்கு 5 லட்சம் டாலர் கட்டணம் வாங்கும் நிலைக்கு உயர்ந்தது. சீக்ரெட்டேம் என்ற மூன்றாவது மகளின் மகன் கான் வெஸ்ட். இந்த மூன்று பேரர்களும் பொலிகுதிரைகளாகி அமெரிக்க லாயங்களை நிரப்பிய நிரப்பில், 2025ஆம் ஆண்டுக் கென்டக்கி டெர்பியில் ஓடிய குதிரைகள் அத்தனையின் வம்சாவளியிலும் செக்ரட்டேரியட் எங்கேயோ ஓரிடத்தில் இருந்தது. புத்திரனைத் தேடியவர்கள் ஏமாந்தார்கள். தௌகித்திரன் வந்து கடன் தீர்த்தான்.

இதை முன்கூட்டியே ஊகித்திருக்க இடம் இருந்தது என்பதுதான் வேடிக்கை. போல்டு ரூலரின் பிள்ளை ஒன்றரை மைல் தாங்காது என்று சாஸ்திரம் பேசியவர்கள், தகப்பன் பெயரைப் படித்த சிரத்தையில் பாதியைத் தாயின் பக்கத்தில் செலவிட்டிருந்தால், சம்திங்ராயலின் தந்தை பிரின்ஸ்குவில்லோவைக் கண்டிருப்பார்கள். யுத்தகாலத்தில் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து, மலிவுப் பந்தயங்களில் ஓடவிடப்பட்டு, 2,500 டாலருக்குக் கைமாறிய குதிரை அது. பின்னர் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பேர்போனதோடு, மகள்களின் வழியே பலத்தைக் கொடுக்கும் குதிரை என்று பிரசித்தி பெற்றது. வேகம் தந்தை கொடுத்தது, மூச்சு தாய்வழிப் பாட்டன் கொடுத்தது. அப்படி வாங்கிய சொத்தை அதே வழியில் அது திருப்பிக் கொடுத்தது என்று சொல்ல எனக்கு ஆசைதான். பண்ணைக்காரர்கள் ஒப்புக்கொள்வார்கள், விஞ்ஞானிகள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி விடியற்காலையில் கிண்டி மைதானத்தின் வேலியோரம் நின்று குதிரைகளின் பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடி முடித்த ஒரு பழுப்புக் குதிரையைக் கோணியால் போர்த்தி, கழுத்து வியர்வையை வழித்துவிட்டபடி ஒரு பையன் நடத்திக்கொண்டு வந்தான். அது அவன் தோளைக் கடிக்க வந்தது. அவன் திரும்பியே பார்க்காமல் முழங்கையால் தள்ளினான். அதன் தகப்பன் யார் என்று கேட்டேன். "அப்பன் பேரு ரேஸ் புக்குல இருக்கும் சார். கோவம் மட்டும் ஆத்தாளுதுன்னு எங்க டிரெயினர் சொல்வாரு" என்றான். 1777இலேயே குதிரைப் பந்தயத்துக்கு அடிகோலிய ஊர் நம்முடையது. பந்தயம் சூதாட்டம் என்று தமிழ்நாடு அரசு சட்டம் செய்ய, 1996இல் உச்ச நீதிமன்றம் அதைத் திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் எல்லாவற்றையும் ஆராய்ந்து கணிக்க முடியும் என்பது அதற்குச் சொன்ன நியாயங்களுள் ஒன்று. தீர்ப்பை மறுக்க நான் யார்? கனேடியன் பவுண்டை வாங்கியவர்களும் ஆராய்ந்துதான் வாங்கினார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்தலாம்.

கிண்டிப் பையன் பிடித்துச் சென்ற குதிரையும், செக்ரட்டேரியட்டும், இன்று உலகத்தில் ஓடுகிற ஜாதிக் குதிரைகளும் தந்தை, தந்தைக்குத் தந்தை என்று பின்னோக்கிப் போனால், இங்கிலாந்துக்குக் கீழ்நாடுகளிலிருந்து வந்து சேர்ந்த மூன்றே மூலபுருஷர்களில் ஒருவரிடம் போய் நிற்கும். அவற்றில் ஒன்று, தாமஸ் டார்லி என்பவர் சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கி 1704இல் யார்க்‌ஷயருக்கு அனுப்பிய டார்லி அரேபியன். இன்றைய ஆண்குதிரைகளில் ஏறத்தாழ 95 சதவீதம் தந்தை வழியில் அதனுடைய சந்ததி என்று மரபணு ஆராய்ச்சி சொல்கிறது; அந்தப் பெருக்கமோ அதன் கொள்ளுப்பேரனின் மகனான எக்லிப்ஸ் என்னும் ஒரே குதிரையின் வழியாக வந்தது.

1764 ஏப்ரல் 1ஆம் தேதி சூரிய கிரகணம் பிடித்த அன்று கம்பர்லாந்துப் பிரபுவின் லாயத்தில் பிறந்ததால் கிரகணம் என்றே பெயர். பிரபு அடுத்த ஆண்டே இறந்துபோக, குதிரைகளை ஏலம் போட்டார்கள். ஸ்மித்ஃபீல்டு சந்தையில் இறைச்சி வியாபாரம் செய்துவந்த வில்லியம் வைல்டுமன் 75 கினிக்கு இதை எடுத்துக்கொண்டார். 1769 மே மாதம் எப்சமில் முதல் ஓட்டம். அங்கே டென்னிஸ் ஓ'கெல்லி என்ற அயர்லாந்துச் சூதாடி, கடனுக்காகச் சிறைவாசமும் செய்து மீண்ட ஆசாமி, குதிரைகள் எந்த வரிசையில் வரும் என்று சொல்லிப் பந்தயம் வைத்தார்: எக்லிப்ஸ் முதல், மற்றவை எங்கேயும் இல்லை. வென்ற குதிரைக்கு 240 கஜத்துக்கு மேல் பின்தங்கியவற்றுக்கு இடமே தருவதில்லை என்பது அக்காலத்து விதி. அதை வைத்துச் சொன்ன சொல் அது. பலித்தது. பிறகு ஓ'கெல்லி பாதிப் பங்கை 650 கினிக்கும் மறுபாதியை 1,100 கினிக்கும் வாங்கிக்கொண்டார். பதினெட்டு பந்தயங்கள், தோல்வி என்பதே இல்லை. எதிர்த்து ஓட ஆளில்லாமல் போனதால்தான் அது ஓட்டத்தை நிறுத்தியது. ஓ'கெல்லியை மட்டும் ஜாக்கி கிளப் கடைசிவரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. குதிரைக்குப் பிறப்பு பார்த்த கனவான்கள் மனிதனுக்கும் பார்த்தார்கள்.

இவ்வளவு கியாதி பெற்றும், வாழ்ந்த நாளில் தகப்பன்களின் வரிசையில் எக்லிப்ஸ் ஓராண்டுகூட முதலிடம் பெறவில்லை என்பதைக் கேட்டால் வாசகர்கள் நம்பமாட்டார்கள். அந்தப் பட்டம் முதலில் ஹெராடுக்கும் பிறகு ஹெராடின் மகனுக்கும் போயிற்று. ஹெராடும் அதே கம்பர்லாந்துப் பிரபுவின் லாயத்தில் பிறந்ததுதான். நூறு ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஹெராடின் ஆண்வழி மெலிந்து, எக்லிப்ஸின் வழி ஆலமரமாகியிருந்தது. அதில் ஒரு பெரிய கிளை உருளைக்கிழங்கு என்னும் பெயருள்ள மகன். லாயத்துப் பையனிடம் அந்தப் பெயரை எழுதச் சொன்னபோது, அவன் தனக்குத் தெரிந்த இலக்கணப்படி முதல் எழுத்துகளைப் போட்டுவிட்டுப் பின்னால் எட்டுச் சுழிகளைச் சுழித்து வைத்தானாம். அதுவே பெயராக நிலைத்துப் பந்தய ஏடுகளிலும் ஏறிவிட்டது. செக்ரட்டேரியட்டின் ஆண்வழி இந்த எட்டுச்சுழியாரிடம்தான் போய்ச் சேருகிறது.

1789இல் எக்லிப்ஸ் வயிற்றுவலி கண்டு செத்தபோது, சேன்பெல் என்ற பிரெஞ்சு வைத்தியர் அதை அறுத்துப் பார்த்தார், எலும்பெலும்பாக அளந்தார், இதயத்தின் எடை 14 பவுண்டு என்று குறித்தார். அந்த ஆராய்ச்சியால் கிடைத்த பெயரே இரண்டு ஆண்டுகளில் லண்டனில் முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றவும் அவர் அதற்குத் தலைவராகவும் உதவிற்று. எக்லிப்ஸின் எலும்புக்கூடு இன்றும் அந்தக் கல்லூரியின் உடைமை. செக்ரட்டேரியட்டை அறுத்துப் பார்த்த டாக்டர் ஸ்வெர்செக், சாதாரண இதயத்தைப் போல் இரண்டு பங்குக்கும் மேல் பெரிதாக, பழுதேதும் இல்லாத இதயத்தைக் கண்டு திகைத்துப்போய், அதைத் தராசில் வைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து வேறொரு குதிரையின் பெரிய இதயத்தைக் கையில் எடுத்தவர், இதை எடை போட்டார்: 18 பவுண்டு. செக்ரட்டேரியட்டினுடையது 22 பவுண்டு இருந்திருக்கும் என்று அதைக்கொண்டுதான் அவர் மதிப்பிட்டார். அந்த வேறொரு குதிரை, பற்களை இழந்து ஓடிய ஷாம். பெரிய இதயம் எக்ஸ் குரோமோசோமில் ஏறி, தகப்பனிடமிருந்து மகள்களுக்கு மட்டும் போகிறது, அதன் ஊற்றுக்கண் எக்லிப்ஸ் என்று ஒரு கொள்கை இருக்கிறது. கேட்க அழகாக இருக்கிறது, நிரூபணம் ஆகவில்லை.

மகனும் இல்லாமல் மகளும் இல்லாமல் போன குதிரைக்கு என்ன மிஞ்சும்? அதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். 1926இல் நியூசிலாந்தில் டிமாரு என்ற ஊருக்கருகே பிறந்த ஃபார் லாப், சிட்னிக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது, 160 கினி கொடுத்து வாங்கிய டேவிஸ் என்பவர் அதன் மெலிவையும் முகத்துப் பருக்களையும் கண்டு சலித்து, பயிற்சிச் செலவுக்குக் காசு தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வாங்கச் சொன்ன பயிற்சியாளர் டெல்ஃபோர்டு அதை மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, காயடித்து, மணல் மேடுகளில் ஓடவிட்டார். மின்னல் என்று பொருள்படும் பெயர். 51 பந்தயங்களில் 37 வெற்றி. வேலையற்றவர்கள் கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நின்ற பொருளாதார மந்தக் காலத்தில், ஒரு ஷில்லிங்கை அதன்மேல் வைத்துவிட்டு வானொலிப் பெட்டியின் முன்னே கூடிய ஜனங்கள் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். பந்தயத் தரகர்களுக்கு அது எமனாயிற்று. 1930இல் மெல்போர்ன் கோப்பைக்கு மூன்று நாள் முன்பு, காரில் வந்த எவரோ அதை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள். குதிரைக்காரர் டாமி உட்காக் குதிரையைக் காப்பாற்றினார். அன்று மாலையே ஒரு பந்தயத்திலும், செவ்வாயன்று கோப்பையிலும் அது வென்றது.

1932 மார்ச்சில் மெக்சிகோ எல்லைக்கு அப்பால் அகுவா கலியன்டேயில் ஓடி வென்று, பதினாறே நாளில், ஏப்ரல் 5ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஒரு லாயத்தில், உட்காக்கின் கண்ணெதிரே, வலியில் துடித்து மாண்டது. விஷம் வைத்தார்கள் என்று அன்று எழுந்த கூக்குரல் இன்றும் ஓயவில்லை. பிற்காலத்தில் அதன் ரோமத்தைச் சோதித்தவர்கள் ஆர்செனிக் இருந்ததைக் கண்டார்கள்.

ஆளுக்கொரு பாகமாகப் பிரித்துக்கொண்டார்கள். நியூயார்க்கில் பதம்செய்த தோல் மெல்போர்னுக்குப் போயிற்று, எலும்புக்கூடு பிறந்த நாடான நியூசிலாந்தின் வெலிங்டனுக்கு, 6.2 கிலோ எடையுள்ள இதயம் கான்பெராவுக்கு. 2010இல், மெல்போர்ன் கோப்பையின் 150ஆம் ஓட்டத்தை ஒட்டி, வெலிங்டனிலிருந்து எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் தோலின் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஜனங்கள் குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, தோலைப் பார்த்துவிட்டு எலும்பையும், எலும்பைப் பார்த்துவிட்டு மறுபடி தோலையும் பார்த்தார்கள். இதயம் மட்டும் வரவில்லை. பிரயாணத்தைத் தாங்காது என்று அதைக் கான்பெராவிலேயே வைத்திருந்தார்கள்.